பூசணி சூப்புக்கு விழுந்த ஓட்டு

ஆஷ்பி ஹாலோ பள்ளிக்கூடத்தில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித்தரும் பொறுப்பு உடற்பயிற்சி ஆசிரியர் ரோலண்ட் திபோவின் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், புதன்கிழமை மூன்றாவது பீரியடில் அவர் சும்மா இருந்ததுதான். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர் டாக்டர் பிராட்ஃபர்ட் பெல் அதை அப்படிச் சொல்லவில்லை. அவர் எதையுமே அப்படிச் சொல்கிறவர் இல்லை.

"உணவு என்பது இயக்கத்தின் மறுமுகம், ரோலண்ட். தங்களிடம் அந்த இயக்கம் இருக்கிறது" என்றார்.

ஐம்பத்தோரு வயதில் ரோலண்டுக்குத் தெரிந்த சமையல் இரண்டு. ஒன்று டப்பாவைத் திறப்பது, இன்னொன்று மைக்ரோவேவின் கதவைத் திறப்பது. ஜனெல் அவரிடமிருந்து விவாகரத்து வாங்கி இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஃப்ரீசர் ஒன்றுதான் பொறுப்பான உறுப்பினர். ஆனாலும் மனுஷன் பின்வாங்கவில்லை. ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்த கை. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் இறங்கினார். ஒரு ஊதல், கிளற வேண்டும். இரண்டு ஊதல், அடுப்பை விட்டு விலக வேண்டும். கத்தி பிடிக்கும்போது விரல்நுனிகளை உள்ளே மடக்கி வைத்துக்கொள்ளும் கரடிப் பிடியை அவரே புதிதாகக் கற்றுக்கொண்டு, மறுநாள் பிறவியிலேயே தெரிந்தவர் போலச் சொல்லிக்கொடுத்தார். இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட விரலில் கீறல் விழவில்லை. அதுவரைக்கும் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த இருபத்திரண்டில் ஒருத்தி அவர் மகள் கொரீன். பதினொரு வயது. வகுப்பில் மற்றவர்களைப் போல அவளும் அவரை "கோச்" என்றுதான் கூப்பிடுவாள்.

சுவரில் டாக்டர் பெல் அனுப்பிய பளபளப்பான அட்டை தொங்கியது. விதி ஒன்று: அடுத்தவர் ருசியைப் பழிக்காதே. விதி இரண்டு: எதுவானாலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார். அதற்குக் கீழே ஓட்டுப் பலகை. சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நட்சத்திரத்தை ஒட்ட வேண்டும். கட்டங்கள் மூன்று: 'ருசி பார்த்தேன்', 'பிடித்திருந்தது', 'மிகவும் பிடித்திருந்தது'. பிடிக்கவில்லை என்றால் எங்கே ஒட்டுவது என்று தொடக்கத்தில் ரோலண்டே கேட்டார்.

"எதிர்மறை உணர்வுக்கு நாம் இடமளிப்பதில்லை" என்றார் டாக்டர் பெல். ஒரே கட்சி தேர்தல் நடத்துகிற தேசங்களில்கூட இதை இவ்வளவு கூச்சமில்லாமல் சொல்ல மாட்டார்கள்.

அக்டோபரில் ஊர் விவசாயி ஒருவர் பதினோரு கூடை பட்டர்நட் பூசணியைப் பள்ளிக்கு இனாமாக இறக்கிவிட்டுப் போனார். இனாமாக வந்த பூசணியை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கல்வி அலுவலகத்திலும் விதி கிடையாது. ஆகவே பூசணி சூப். சமையல் குறிப்பு மாவட்ட அலுவலகத்திலிருந்தே வந்தது: பூசணி, வெங்காயம், கேல் கீரை, தண்ணீர், சிட்டிகை லவங்கப்பட்டைத் தூள். ஒரு அண்டாவுக்குக் கால் டீஸ்பூன் உப்பு. உப்பைப் போட்ட பிறகு அது உள்ளே போனதா இல்லையா என்று சத்தியம் செய்துதான் நிரூபிக்க வேண்டும்.

முதல் புதன்கிழமை, 'மிகவும் பிடித்திருந்தது' கட்டத்தில் இருபது நட்சத்திரம். அடுத்த முறை இருபத்தொன்று. ரோலண்டுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் தன் கையில் ஒளிந்துகிடந்த ஒரு மேதை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறான் என்று முடிவுக்கு வந்தார். கொரீன் தன்னிடம் இருக்கும் வாரங்களில் வீட்டிலும் அதே சூப்பைச் செய்தார். திங்களும் வியாழனும் சூப். சில வாரம் புதனும். கொரீன் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். "நல்லா இருந்துச்சுப்பா, தேங்க்ஸ்" என்பாள். தன் கிண்ணத்தைத் தானே கழுவுவாள். காலையில் போர்வையை மூலைக்கு மூலை சரிபார்த்து மடித்து வைப்பாள். இப்படி ஒரு பெண் எந்த வீட்டில் வாய்க்கும்?

அந்தச் சந்தோஷத்தைத்தான் ஜனெல் உடைத்தாள். நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை, மளிகைக் கடை வாசலில் வழக்கம்போலக் கொரீனைக் கொண்டுவந்து விட்டாள். பெண் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய டிரக்கில் ஏறிக்கொண்டாள். ஜனெல் கார் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கம் வந்தாள்.

"ரோலி, ஒரு விஷயம். இங்க வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் அவளுக்கு வயிறு வலிக்குது."

"என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் சாப்பிடறதில்ல, அதான். டாக்டர்கிட்ட காட்டினேன். உடம்புல ஒண்ணுமில்ல, வேற ஏதோ இருக்குன்னார்." ஜனெல் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "அடுத்த வருஷம் பெரிய ஸ்கூல் போறா. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அலைய வேணாம்னு பாக்கறேன். சனி ஞாயிறு மட்டும் உங்கிட்ட வரட்டும். மாசக் கடைசி தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள்ள வக்கீலம்மாவுக்குப் பதில் சொல்லணும்."

"அவ என்ன சொல்றா?"

"'உங்க ரெண்டு பேருக்கும் எது சௌகரியமோ'ன்னு சொல்றா. பதினோரு வயசுப் பொண்ணு பேசற பேச்சா இது?"

"என் வீட்டுல அவ ஒரு பிரச்சினையும் பண்ணதில்ல ஜனெல். முகம் சுளிச்சதில்ல. நீயே பாத்துக்க."

"என் வீட்டுல தினம் சண்டைதான்" என்றாள் ஜனெல். அதை அவள் குறையாகச் சொன்னதாக ரோலண்ட் நினைத்துக்கொண்டார். வெற்றி பெற்ற அணியின் கோச் மாதிரி டிரக்கில் ஏறினார். ஆனால் வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்த வெற்றி எங்கோ விழுந்துவிட்டது. வாரத்தில் ஏழு நாள் இரண்டு நாளாகப் போகிறது. பக்கத்தில் கொரீன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சிரிப்பது போல ஒரு சிரிப்பு சிரித்தாள்.

இன்னும் நன்றாகச் சமைக்க வேண்டும் என்று ரோலண்ட் தீர்மானித்தார். அதாவது, இன்னும் நிறையச் சூப்.

புதன்கிழமை டாக்டர் பெல்லே நேரில் வந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் கேமரா, தொண்ணூற்றைந்து சதவீத ஏற்பைக் காட்டும் வரைபடம் ஒன்று சுருட்டி அக்குளில். பிள்ளைகள் பூசணியைக் கரடிப் பிடியில் நறுக்கினார்கள், விசிலுக்குக் கிளறினார்கள், கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்துபோய் நட்சத்திரம் ஒட்டினார்கள். இருபத்திரண்டும் ஒரே கட்டத்தில். டாக்டர் பெல் பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"குழந்தைகளே, இது வெறும் சூப் அன்று. இது ஒரு பண்பாட்டு மாற்றம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து டாட் லஃப்ளர் உள்ளே வந்தாள். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட மதிய உணவைப் பொங்கிப்போடுகிறவள். அவளுக்குப் பின்னால், தராசை எடுத்துவரப் போயிருந்த ஆறாம் வகுப்பு எம்மெட் அதை உருட்டிக்கொண்டு வந்தான். இந்த மாநிலத்தில் சாப்பாட்டு மிச்சத்தைக் குப்பையில் போடக் கூடாது. எரு வாளியில்தான் போட வேண்டும். வாளியை எடைபோட்டு, பலகையில் எழுதி, பன்றிப் பண்ணைக்காரரிடம் ஒப்படைப்பது ஆறாம் வகுப்பின் கணக்குப் பாடம். அந்த வாரம் எம்மெட்டின் முறை. அவன் கடமை தவறாதவன். மூலையிலிருந்த வாளியைத் தராசில் ஏற்றினான். உரக்கப் படித்தான்.

"பதினாலரை பவுண்ட்!"

"காய்கறித் தோல்கள்" என்றார் டாக்டர் பெல் புன்னகையோடு.

"தோல் அந்த வாளியில இருக்கு சார்" என்றான் எம்மெட், இன்னொரு வாளியைக் காட்டி. "இது சூப்பு."

டாட் குனிந்து வாளிக்குள் பார்த்தாள்.

"நட்சத்திரத்த அங்க ஒட்டியிருக்குங்க, சூப்ப இங்க கொட்டியிருக்குங்க" என்றாள். "போன வாரம் பதிமூணு. அதுக்கு முன்ன பன்னெண்டு. பன்னிங்க மட்டும்தான் கொழுத்துட்டு வருதுங்க, கோச். பண்ணைக்காரன் உங்களக் கும்பிடறான்."

ரோலண்டின் காது சிவந்தது. டாக்டர் பெல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அளவின் துல்லியம், ஈரப்பதத்தின் எடை என்று ஏதோ ஆரம்பித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வயட் என்ற பயல் கையைத் தூக்கினான்.

"சார், நீங்க இன்னும் சாப்பிடவே இல்லியே. விதி ரெண்டு."

"நான் பகலில் உண்பதில்லை, தம்பி. உடலுக்கு ஓய்வளிக்கிறேன்."

"எதுவானாலும் ஒரு வாய்!" என்று பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவருடைய அட்டைதான். டாட் ஒரு கிண்ணத்தை நிரப்பி, தாராளமாகவே நிரப்பி, அவர் கையில் கொடுத்தாள். டாக்டர் பெல் ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகத்தில் ஒரு தசையும் அசையாமல் விழுங்குவதற்கு அவர் பட்ட பாடு, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார்.

வகுப்பு வெடித்தது. "எங்க அத்த கொண்டு வர்ற ஜெல்லி சாலட்ட எங்கப்பா அப்படித்தான் சொல்வார்!" என்று ஒருத்தி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

(இந்த நிகழ்ச்சியை மாவட்ட அறிக்கையில் 'ஆழமான கற்றல் தருணம்' என்று டாக்டர் பெல் பின்னர் எழுதினார். ஓட்டுப் பலகையில் நான்காவதாக ஒரு கட்டமும் சேர்ந்தது: 'இன்னும் தயாராக இல்லை'.)

ரோலண்ட் விசிலை எடுத்து ஊதினார். சத்தம் அடங்கியது.

"சரி. நிஜத்தச் சொல்லுங்க. யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என்ன தப்பு இதுல?"

பிள்ளைகள் சுவரிலிருந்த விதி அட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கம் அப்படி. ஆறு வாரமாகக் கட்டிப்போட்ட வாய். கடைசியில் வயட் மெல்ல, "ரொம்ப... மஞ்சளா இருக்கு கோச்" என்றான். அது போதும். மடை திறந்தது.

"உப்பே இல்ல!"

"கீரை பல்லுல மாட்டுது!"

"வெங்காயம் வேகவே இல்ல, பச்சையா நறுக் நறுக்குன்னு!"

"கோச், எங்க வீட்டு நாய் குளிச்சதும் வர்ற வாசனை!"

திட்டுவதில் அவர்களுக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. ரோலண்டுக்கும்கூட, வலியோடு வலியாக, சிரிப்பு வந்தது. ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கொரீன் முன்னால் நின்றார்.

"நீ சொல்லு."

கொரீன் நிமிர்ந்தாள். அவள் கிண்ணம் வழித்துத் துடைத்தது போல இருந்தது. அறையிலேயே காலியான கிண்ணம் அது ஒன்றுதான்.

"எனக்கு நிஜமாவே பிடிச்சிருந்தது, கோச்."

வயட், "அவ உங்க பொண்ணு, அப்படித்தான் சொல்வா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கொரீனும் சிரித்தாள், அந்த பஸ் சிரிப்பு.

பிள்ளைகள் போன பிறகு ரோலண்ட் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டாட் தட்டுகளை அடுக்கினாள்.

"ஒருத்திக்காவது பிடிச்சிருக்கு" என்றார் ரோலண்ட்.

டாட் தட்டை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கோச், நீங்க நல்ல மனுஷன். ஆனா விசில் ஊதி ஊதி மூளைக்குள்ள காத்து பூந்துருச்சு. இருபத்தோரு புள்ளைங்களுக்கு உங்கள ஏமாத்தற தைரியம் இருக்கு. அவளுக்கு அதுகூட இல்ல. ஒவ்வொரு கரண்டியையும் அவ மூச்சப் பிடிச்சிட்டு முழுங்கறா. நான் ஆறு வாரமாப் பாத்துட்டுதான் இருக்கேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா உங்களுக்குச் சூப்பப் பத்தித்தான் தெரியும், அவளப் பத்தி அவதான் சொல்லணும்" என்றாள் டாட், அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு.

வேறு யாரோ வீட்டில் ஒரு இரவு தங்கப் போகிற பிள்ளை எப்படி இருக்கும்? போர்வையை மடிக்கும். கிண்ணத்தைக் கழுவும். நல்லா இருந்துச்சு, தேங்க்ஸ் என்று சொல்லும். வெற்றி என்று தான் எண்ணிவைத்திருந்த ஒவ்வொன்றையும் ரோலண்ட் அண்டாவைத் தேய்த்தபடியே மறுபடி எண்ணிப் பார்த்தார். அண்டா அன்றைக்குப் போல என்றைக்கும் பளபளத்ததில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. பேச்சை எடுக்க வேறு வழி தெரியாமல், வீட்டில் திங்கட்கிழமை மிச்சமிருந்த சூப்பைச் சூடாக்கி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார். கொரீன் வந்து உட்கார்ந்து, கரண்டியை எடுத்து, மூச்சைப் பிடித்தாள். டாட் சொன்ன பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. தோள் லேசாக உயர்ந்தது. தண்ணீருக்குள் குதிக்கப் போகிறவளைப் போல.

எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். எல்லாம் மறந்துபோனது. தன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி வாயில் வைத்தவர், அப்படியே கரண்டியைக் கீழே போட்டார்.

"தூ. கேவலமா இருக்கு."

கொரீன் கரண்டியைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஆறு வாரமா எனக்கு இது பிடிக்கல" என்றார். சொல்லும்போதுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது.

"அப்புறம் ஏன் செஞ்ச?"

"நீ விரும்பிச் சாப்பிடறியேன்னு."

"நீ செஞ்சியேன்னுதான் நான் சாப்பிட்டேன்!" கொரீனின் குரல் கீச்சென்று ஏறியது. "திங்கக்கிழமையும் செஞ்ச! வியாழக்கிழமையும்! அந்தக் கீரை, அது... அது ஈரத் துணி மாதிரி இருக்குப்பா!"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கரண்டியால் சூப்பின் மேல் ஆடையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ரோலண்ட் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு வராத வித்தை. விசிலை எடுக்காமல் இருக்க இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா சொல்லிட்டே இருப்பாங்க" என்றாள் கடைசியில். "நீ ஷூவ வழியில போடறது, டிவி சத்தம், அது இது. தினம் ஒண்ணு. அப்புறம் ஒரு நாள் நீ போயிட்ட."

இரண்டு வருஷமாக இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை போர்வை மடித்திருக்கிறது.

"கொரீன், இங்க பாரு. நான் ஷூவுக்காகப் போகல. அம்மாவும் நானும் பிரிஞ்சது வேற, ரொம்ப நாள் கத, உனக்கும் அதுக்கும் துளி சம்பந்தமில்ல. நீ சொன்னேன்னு நான் எங்க போவேன்? இது என் வீடு. எனக்கு வேற வீடு கிடையாது."

"ஃப்ரீசர் இங்கதான் இருக்கு" என்றாள் கொரீன்.

"அதான். அத விட்டுட்டு எங்க போறது?"

அவள் உதட்டோரம் துடித்தது. அது பஸ் சிரிப்பு இல்லை.

"வேற என்ன பிடிக்கல? சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

"நிஜமாவா?"

"நிஜமா."

கொரீன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். டிரக்கில் ஹாக்கி சாக்ஸ் நாறுகிறது. குளியலறை விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது, பல் தேய்க்கும்போது பேய்ப்படம் மாதிரி. தலையணை அப்பளம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'எல்லாம் ஓகேவா' என்று கேட்கிறாய், ஓகேயாக இருந்தாலும் அதைக் கேட்டதும் ஓகே போய்விடுகிறது. ஃபோனில் பேசும்போது கத்துகிறாய். வயட் முன்னால் என்னைச் 'சாம்பியன்' என்று கூப்பிட்டாய். ஒரு கை தீர்ந்து அடுத்த கைக்கு வந்தாள். ரோலண்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். இருபத்து நாலு வருஷ உத்தியோகத்தில் அவருக்குக் கிடைத்த எந்தக் கோப்பையும் இந்தச் சுகத்தைக் கொடுத்ததில்லை.

"பசிக்குது" என்று முடித்தாள்.

"பீட்சா இருக்கு, ஃப்ரீசர்ல."

"வேணாம். தள்ளு." எழுந்துபோய் இரண்டு கிண்ணத்து சூப்பையும் சட்டியிலேயே திருப்பி ஊற்றினாள். "இதையே சரி பண்ணலாம். வெண்ணெய் எங்க? வெங்காயத்த நீ அப்படியே தண்ணில போட்டுடறப்பா, வதக்கறதே இல்ல. டாட் சொன்னாங்க, செவக்கற வரைக்கும் பொறுமையா இருக்கணுமாம். நீ உரி, நான் நறுக்கறேன்."

"கரடிப் பிடி..."

"தெரியும்ப்பா!"

அந்த 'தெரியும்ப்பா'வில் இருந்த எரிச்சல் ரோலண்டுக்குத் தேன் மாதிரி இனித்தது. உரித்தார். வெங்காயம் வெண்ணெயில் சிவந்து வாசனை கிளம்பியது. கொரீன் உப்பை எடுத்தாள். மாவட்ட அலுவலகம் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருக்கும் அளவு இல்லை, ஆனால் நாக்குக்குத் தெரியும் அளவு. ஒரு ஆப்பிளைத் துருவிப் போட்டாள். கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து எருத் தொட்டியில் போட்டாள்.

"கீரை உடம்புக்கு நல்லது" என்றார் ரோலண்ட், பதவிக்கு மரியாதையாக.

"தனியா வறுத்துக் குடு, திங்கறேன். சூப்புல போடாத."

நியாயமாகத்தான் பட்டது.

சூப் கொதிக்கிற நேரத்தில் ஃபோன் அடித்தது. ஜனெல். வக்கீலம்மா இன்றைக்கே கேட்டாளாம், என்ன முடிவு என்று. ரோலண்ட் ஃபோனை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு பெண்ணைப் பார்த்தார். சனி ஞாயிறு மட்டும் என்று அவள் சொன்னாலும் சரி என்று சொல்லத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டார். அது சுலபமாக இல்லை.

"அம்மா கேக்கறா. சனி ஞாயிறு மட்டுமா, இல்ல இப்ப மாதிரியேவான்னு. எனக்கு எது சௌகரியம்னு பாக்காத. உனக்கு எது வேணுமோ அத..."

"குடு இங்க." கொரீன் கரண்டியோடு வந்து ஃபோனைப் பிடுங்கினாள். சமையலறையில் நடந்துகொண்டே பேசினாள்.

"அம்மா... இல்ல, வலிக்கல... சூப்பு. கேவலமா இருந்துச்சு... ஆமா, மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்... ஒண்ணும் பண்ணல, நிக்கறார் இங்கதான்." அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கார்... இல்லம்மா, சனி ஞாயிறுன்னா வேணாம். வாரம்னா வாரமே இருக்கட்டும். ஆனா அடுத்த தடவ வர்றப்ப என் தலகாணியக் கொண்டு வருவேன்... அந்த நீலம்தான்... இல்ல, திருப்பி எடுத்துட்டு வர மாட்டேன். இங்கயே இருக்கட்டும். எனக்கு அங்க வேற வாங்கிக் குடு."

ரோலண்ட் சட்டியின் மேல் செடார் சீஸைத் துருவ ஆரம்பித்தார். எதையாவது துருவ வேண்டும் போல இருந்தது. கொரீன் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சட்டிக்குள் எட்டிப் பார்த்து, பத்தாது, இன்னும் போடு என்று கரண்டியால் அவர் முழங்கையைத் தட்டினாள்.